வாசகர் கேள்விகளும் விடைகளும்: சூட்டில் நழுவும் புளூ டக்

கேள்வி: பாடசாலை விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்காக, தாள்களைச் சுவரில் ஒட்டப் பயன்படும் நீலக் களியான புளூ டக்கின் ஒட்டும் ஆற்றலை வெப்பம் எவ்வாறு மாற்றுகிறது என்று பரிசோதித்தேன். ஒரே அளவான உருண்டைகளைச் செய்து, சிலவற்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் சிலவற்றை வெந்நீரிலும் வைத்தேன். பின்னர் அவற்றைச் சமையலறைச் சுவர் டைலில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே பாரமான சிறு பையைத் தொங்கவிட்டு, விழுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்தேன். சூடு கூடக் கூட ஒட்டும் ஆற்றல் குறையும் என்பதே என் கருதுகோள். ஆனால், குளிரவைத்தவைதாம் முதலில் விழுந்தன. 40 பாகையளவில் சூடாக்கியவை சில வேளைகளில் சூடாக்காதவற்றைவிட நன்றாகத் தாங்கின. 55 பாகையில் சூடாக்கியவற்றில் சில நின்றன, சில நழுவி விழுந்தன. பரிசோதனை பிழைத்துவிட்டதா? பெறுபேறுகளைக் கருதுகோளுக்கு ஏற்றபடி திருத்தி எழுதலாம் என்கிறாள் என் தோழி. (தரம் 10 மாணவி, வெள்ளவத்தை)

விடை: கடைசியில் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஓர் இலக்கத்தைக்கூட மாற்ற வேண்டாம். நீங்கள் எதிர்பாராமல் கண்ட அந்த ஏற்ற இறக்கத்துக்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் இனி உங்கள் செயற்றிட்டம்.

புளூ டக் ஒரு சுவரில் நிற்பதற்கு இரண்டு வேலைகளை ஒருங்கே செய்ய வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் டைலிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அழுத்தும்போது களி அந்தப் பள்ளங்களுக்குள் வழிந்து, மேற்பரப்பை இடைவெளியின்றித் தொட வேண்டும். மூலக்கூறுகளுக்கிடையிலான கவர்ச்சி மிக மிகக் குறுகிய தூரத்தில் மட்டுமே செயற்படுவதால், தொடும் பரப்பு கூடினால்தான் பிடிப்பும் கூடும். இது முதலாவது வேலை. பாரம் தொங்கும்போது களி தனக்குள்ளே கிழிந்தோ இழுபட்டோ போகாமல் தன்னைத் தானே பிடித்துவைத்திருப்பது இரண்டாவது வேலை. வெப்பம் முதலாவது வேலைக்குத் துணை, இரண்டாவதற்குப் பகை. களி இளகினால் பள்ளங்களுக்குள் எளிதாக வழியும், ஆனால் அதே இளக்கத்தால் பாரத்தைத் தாங்க மாட்டாது. குளிர்ந்து இறுகினால் தன்னைத் தானே நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் டைலைச் சரியாகத் தொடாது. வீட்டில் தொதல் கிண்டியவர்களுக்கு இது புதிதன்று. சூட்டோடு தட்டில் கொட்டிய தொதல் தட்டின் ஒவ்வொரு மூலைக்கும் வழிந்து பற்றிக்கொள்ளும், விரலில் எடுத்தால் நூலாக இழுபடும். ஆறியதோ கத்தி பட்டவுடன் துண்டாகக் கழன்று வரும். ஆகவே மிகக் குளிரிலும் மிகச் சூட்டிலும் பிடிப்புக் குறைந்து, நடுவில் எங்கோ உச்சம் ஒன்று வருவதுதான் இயல்பு. ஒரே திசையில் இறங்கும் நேர்கோடு கிடைத்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

இனி, பரிசோதனையின் அமைப்பைப் பார்ப்போம். இதில் உண்மையில் இரண்டு வெப்பநிலைகள் இருக்கின்றன: ஒட்டும்போது இருந்த வெப்பநிலை, பாரத்தைத் தாங்கும்போது இருந்த வெப்பநிலை. நீங்கள் முதலாவதை மட்டுமே மாற்றினீர்கள். 55 பாகையில் இருந்த உருண்டையை, ஏறத்தாழ 29 பாகையில் இருந்த சுவரில் ஒட்டினீர்கள். சிறிய உருண்டை, பெரிய, கனத்த சுவர். டைலைத் தொட்ட கணத்திலேயே களியின் முன்பக்கம் டைலின் வெப்பநிலையை நோக்கி இறங்கத் தொடங்கிவிடும். சில நிமிடங்களில் முழு உருண்டையும் ஆறிவிடும். சூடாக ஒட்டி ஆறியபின் பாரம் ஏற்றினீர்களானால் இரு நன்மைகளும் அதற்குக் கிடைத்திருக்கும், அது நின்றிருக்கும்; ஆறுமுன்பே ஏற்றியிருந்தால் நழுவியிருக்கும். சில நின்றன, சில விழுந்தன என்பதற்கு இந்த ஒரு நிமிட வித்தியாசமே போதும். ஒட்டியதற்கும் பாரம் ஏற்றியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் சென்றது என்று உங்கள் கொப்பியில் எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை அதற்கு ஒரு நிரல் ஒதுக்குங்கள்.

குளிரவைத்தவை உடனே விழுந்ததற்குக் களி இறுகியது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. நாம் இருப்பது கொழும்பில். 30 பாகை வெப்பநிலையும் 75 சதவீதச் சாரீரப்பதனும் உள்ள ஒரு நாளில் பனிபடுநிலை 25 பாகையளவில் இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளும் காற்றுப் பட்டதும் வியர்க்கும். ஐஸ் நீர்ப் போத்தலை மேசையில் வைத்தால் அடியில் வட்டமாக நீர் தேங்குவதைத் தினமும் காண்கிறோமே, அதே நீர்தான் உங்கள் 4 பாகை உருண்டையின் மேலும் படிந்தது. மிக மெல்லிய படலமாதலால் கண்ணில் படாமல் போயிருக்கலாம், ஆனால் களிக்கும் டைலுக்கும் இடையில் அதுவே திரையாக நின்றுவிடும். குளிர்நாட்டில் உலர்ந்த காற்றில் இதே பரிசோதனையைச் செய்யும் ஒரு மாணவருக்கு இந்தச் சிக்கல் பெரிதாக வராது. வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்றும் நம் மாணவர்கள் தவறவிடும் இடம் இதுவென்றே நினைக்கிறேன்.

கையையும் மறந்துவிடக் கூடாது. நம் விரல்களின் தோல் பெரும்பாலும் 30 பாகைக்கு மேலேயே இருக்கும். குளிர்ந்த உருண்டையை எடுத்து ஒரு நிமிடம் உருட்டினால் அது குளிர்ந்த உருண்டையாக இராது. உருட்டும் வேலையையெல்லாம் முன்னரே முடித்துவிட்டு, பிறகு ஒரு சிறு கரண்டியாலோ இடுக்கியாலோ மட்டும் தொடுங்கள்.

மீண்டும் செய்வதானால் நான் இப்படிச் செய்வேன். சுவரை விட்டுவிட்டு, கையடக்கமான டைல் துண்டுகளை எடுப்பேன். துண்டாக இருந்தால் டைலையும் களியோடு சேர்த்தே சூடாக்கலாம், குளிரவைக்கலாம். டைலைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, 2 கிராம் களியை அறை வெப்பநிலையில் வைத்து, ஒரு கிலோ சீனிப் பொதியை அதன்மேல் 30 வினாடி வைத்து அழுத்துவேன். விரலால் அழுத்தினால் ஒவ்வொரு முறையும் விசை மாறும்; சீனிப் பொதி மாறாது. பாரம் தொங்கவிடுவதற்கான நூலையும் அழுத்துமுன்பே களிக்குள் பதித்துவிட வேண்டும். பிறகு டைலையும் களியையும் ஒன்றாகக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இட்டு, குறித்த வெப்பநிலையிலுள்ள நீரில் 15 நிமிடம் அமிழ்த்தி வைப்பேன். களி வெப்பத்தை மெதுவாகவே கடத்துமாதலால் இந்தக் காத்திருப்பு அவசியம். வெளியே எடுத்தவுடன் பாரத்தைத் தொங்கவிட்டு நிறுத்தற் கடிகாரத்தை அழுத்துவேன். இந்த முறையில் ஒட்டிய வெப்பநிலை எல்லாவற்றுக்கும் ஒன்றே. தாங்கும் வெப்பநிலை மட்டும் மாறுகிறது. ஈரம் படிந்தாலும் களியின் வெளிப்புறத்தில்தான் படியும், ஒட்டிய முகத்துக்குள் புகாது. அடுத்த தொகுதியில் மறுதலையாக, வெவ்வேறு வெப்பநிலைகளில் ஒட்டி, எல்லாவற்றையும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து பாரம் ஏற்றுங்கள். இரண்டு வரைபுகளையும் அருகருகே வைத்தால், ஒன்றில் நேரம் சூட்டோடு இறங்குவதையும் மற்றதில் ஏறுவதையும் காண்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி வராவிட்டால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

நேரத்தை மட்டும் குறித்துவிட்டு விழுந்த உருண்டையை எறிந்துவிடாதீர்கள். டைலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். களி விழுந்த இடம் துப்புரவாக இருந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. நீலப் படலம் எஞ்சியிருந்தால் ஒட்டு விடவில்லை, களிதான் தனக்குள் கிழிந்திருக்கிறது. இரண்டு நிகழ்வுகளிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டக்கூடும். ஆனால் நடந்தது ஒன்றன்று. பெறுபேற்று அட்டவணையில் ‘துப்புரவு’, ‘படலம்’ என்று ஒரு நிரல் சேர்த்தீர்களானால், உங்கள் அறிக்கையில் மிகவும் பயனுள்ள நிரல் அதுவாகவே இருக்கும்.

கேள்வி: மகனின் அறையில் மேற்குப் பக்கச் சுவரில் அவனுடைய நேரசூசியைப் புளூ டக்கால் ஒட்டியிருக்கிறோம். இரவில் ஒட்டினால் மறுநாள் காலையிலும் அப்படியே இருக்கிறது, பின்னேரம் மூன்று நான்கு மணிக்கு விழுந்துவிடுகிறது. வெயிலில் அது உருகிவிடுகிறதா? (ஒரு தாய், கொட்டாஞ்சேனை)

விடை: உருகுவதில்லை. ஐஸுக்கு 0 பாகை என்பதுபோல இந்தக் களிக்குத் திட்டமான உருகுநிலை கிடையாது. அது எப்போதும் மிக மிக மெதுவாக வழிந்துகொண்டேயிருக்கிறது. சூடு கூடினால் வழியும் வேகம் கூடுகிறது, அவ்வளவே. ஒட்டிய கணம் முதல் நேரசூசியின் பாரம் களியைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. இரவில் மயிரிழையளவு நகர்ந்தது, சுவர் சூடேறியதும் விரைவாக நகர்கிறது. கொழும்பில் காற்றின் வெப்பநிலை இரவுக்கும் பகலுக்கும் பெரிதாக மாறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பின்னேர வெயில் நேரே படும் மேற்குச் சுவர் காற்றைவிட நன்றாகச் சூடேறும். கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

இப்படி மெல்ல வழியும் பொருள்களைப் பற்றிய புகழ்பெற்ற பரிசோதனை ஒன்று அவுஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரிலுள்ள குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் நடந்து வருகிறது. சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும் கீலை, அதாவது தார் போன்ற கரும்பொருளை, பேராசிரியர் தோமஸ் பார்னெல் 1927இல் ஒரு புனலில் இட்டார். அது துளித் துளியாக, ஒரு துளிக்குப் பல ஆண்டுகள் எடுத்து, விழுந்துகொண்டிருக்கிறது. ஏழாவது துளி 1988இல் விழுந்த பின்னர் அந்தக் கட்டடத்துக்குக் குளிரூட்டி பொருத்தினார்கள். எட்டாவது துளி விழுவதற்கு 2000ஆம் ஆண்டு வரை, அதாவது 12 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. அறை சற்றுக் குளிர்ந்ததற்கே இவ்வளவு தாமதம். உங்கள் வீட்டில் நடப்பது இதன் மறுதலை.

செய்யக்கூடியது: பெரிய உருண்டை ஒன்றுக்குப் பதிலாக, நன்றாகப் பிசைந்த சிறு துண்டுகளை நான்கு மூலைகளிலும் நடுவிலும் தட்டையாக அழுத்துங்கள். மெல்லிய படலம் தடித்த உருண்டையைவிடக் குறைவாகவே இழுபடும். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தால் களி ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும், ஆகவே மூலைகளை விட்டுவைக்க வேண்டாம். அதற்கு முன் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி வந்தால், களி சுவரில் ஒட்டவில்லை, பொடியில்தான் ஒட்டியிருக்கிறது. அங்கே எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. எல்லாவற்றிலும் எளிது, நேரசூசியைக் கிழக்குச் சுவருக்கோ உட்சுவருக்கோ மாற்றுவது. பழைய இடத்தில் எஞ்சிய களியைச் சுரண்ட வேண்டாம். ஒரு புதிய உருண்டையை அதன்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் அது தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: இந்தக் களி எதனால் ஆனது? நம் நாட்டு இறப்பருக்கும் இதற்கும் உறவு உண்டா? (வாசகர், பம்பலப்பிட்டி)

விடை: இவ்வகைக் களிகளில் செயற்கை இறப்பர் இனத்தைச் சேர்ந்த பல்பகுதியம் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள்) ஒன்று, சுண்ணாம்புக்கல் தூள் போன்ற கனிமத்தூள், சிறிது கனிம எண்ணெய் ஆகியன இருக்கும். சரியான விகிதம் உற்பத்தியாளரின் இரகசியம். புளூ டக் 1970ஆம் ஆண்டை அண்டி இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பொஸ்டிக் நிறுவனத்தில் உருவானது. முதலில் வெள்ளையாக இருந்ததைச் சிறுவர்கள் சுவிங்கம் என்று எண்ணி வாயில் இட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தால் நீலமாக்கினார்கள்.

நம் இறப்பரோடு உள்ள உறவு, ஒரு வேற்றுமையில் நன்றாகத் தெரியும். 1876இல் இலண்டனிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து வந்த கன்றுகள் கம்பகாவை அண்டிய ஹெனரத்கொடையில் நடப்பட்டதோடு இலங்கையின் இறப்பர் வரலாறு தொடங்குகிறது. அதற்கு முன்னரே, 1839இல், சார்ள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அதன் குணம் நிலைபெறும் என்று கண்டிருந்தார். அதுவரை இறப்பர்ப் பொருள்கள் கோடையில் பிசுபிசுத்தன, மாரியில் விறைத்தன. கந்தகம் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிடுவதால், அவை ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்ல முடியாமற்போகின்றன. புளூ டக்கில் இருப்பவை அப்படிப் பிணைக்கப்படாத சங்கிலிகள். அதனால்தான் அது பிசைந்த வடிவில் நிற்கிறது, சுவரில் ஒட்டுகிறது, சூட்டில் இளகுகிறது. குட்இயர் ஒழிக்க முயன்ற குணமே இங்கு வேண்டிய குணமாகிவிட்டது.

கேள்வி: தரம் 11 மாணவர் குழுவொன்றுக்கு இதே தலைப்பைக் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் விற்றராசும் வெப்பமானியும் மட்டுமே இருக்கின்றன. பன்சன் சுடரில் சூடாக்க அனுமதிக்கலாமா? எத்தனை முறை மீளச் செய்ய வேண்டும்? முடிவை எவ்வாறு எழுதச் சொல்ல வேண்டும்? (விஞ்ஞான ஆசிரியர், தெகிவளை)

விடை: சுடர் வேண்டவே வேண்டாம். களியில் எண்ணெய் இருக்கிறது. ஓரம் கருகும்போது உள்ளே சூடேறியே இராது. வெந்நீர் போதும். 28 பாகைக் குழாய் நீரையும் கொதிநீரையும் சம அளவில் கலந்தால் கணக்குப்படி 64 பாகை வர வேண்டும். பாத்திரமும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதால் 60ஐ அண்மித்து நிற்கும். கலவை விகிதத்தை மாற்றி 50, 40 ஆகியவற்றைப் பெறலாம். கீழே ஐஸ் நீர், நடுவில் குழாய் நீர், மேலே இந்த மூன்று: ஐந்து வெப்பநிலைகள் வரைபுக்குத் தாராளம். 60ஐத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. கொதிநீரை ஊற்றும் பொறுப்பை மட்டும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள் குறைவென்று கவலைப்பட வேண்டாம். 1986இல் அமெரிக்காவின் சலேஞ்சர் விண்ணோட விபத்தை ஆராய்ந்த குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், மூட்டுகளை அடைக்கும் இறப்பர் வளையத்தின் ஒரு துண்டைக் கவ்வியில் நெரித்து, ஒரு குவளை ஐஸ் நீரில் இட்டு, அது உடனே பழைய வடிவுக்கு மீளவில்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். குளிரில் இறப்பர் எப்படி மந்தமாகிறது என்பதை நாடே விளங்கிக்கொள்ள அந்தக் குவளை போதுமாயிருந்தது.

விற்றராசால் இழுக்கும்போது ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும்: இழுக்கும் வேகம். கடந்த வாரம் என் மேசையில் விரலளவான ஒரு துண்டை வெடுக்கென இழுத்தேன். முறிந்த முகம் தட்டையாக, பென்சில் முறிந்ததுபோல் இருந்தது. அதே துண்டை உருட்டி மீண்டும் மெதுவாக இழுத்தபோது, அது இடை மெலிந்து, கம்பிப் பதத்துச் சீனிப்பாகுபோல் ஒரு முழ நீளத்துக்கு நூலாகி அறுந்தது. அறையும் ஒன்றே, களியும் ஒன்றே. வேகம் மட்டுந்தான் வேறு. விரைவாக இழுப்பது குளிரவைப்பதற்கு ஒப்பு, மெதுவாக இழுப்பது சூடாக்குவதற்கு ஒப்பு. மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கு ஒன்றையொன்று வழுக்கிச் செல்லக் கால அவகாசம் வேண்டும். சூடு அந்த அவகாசத்தைக் குறைக்கிறது. ஆகவே ஒரு மாணவர் அவசரமாகவும் இன்னொருவர் நிதானமாகவும் இழுத்தால், வெப்பநிலையின் விளைவு அந்த வித்தியாசத்துக்குள் மறைந்துவிடும். ஒரே மாணவரே எல்லாவற்றையும் இழுக்கட்டும். அருகில் ஒருவர் வினாடிகளை உரக்க எண்ணட்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் அளவுகோலில் ஒரு சென்ரிமீற்றர். எளிய வழிதான், ஆனாலும் வேகம் ஏறக்குறைய ஒரே சீராக வந்துவிடும்.

ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஐந்து முறையாவது செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் புதிய களியோடு. பழையதில் தூசி சேர்ந்திருக்கும். குளிரிலிருந்து சூட்டுக்கு வரிசையாகப் போகாமல், சீட்டுக் குலுக்கி எடுத்த ஒழுங்கில் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாணவர்களின் கை பழகிப்போவதும் நண்பகலில் அறை சூடேறுவதும் வெப்பநிலையின் விளைவுபோல வரைபில் தோன்றிவிடும். சராசரியோடு நிற்காமல், ஐந்து வாசிப்புகளையும் ஐந்து புள்ளிகளாகவே வரைபில் இடுவது நல்லது. 50 பாகையில் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அந்தச் சிதறலும் ஒரு பெறுபேறுதான், அதைச் சராசரிக்குள் மறைக்கக் கூடாது.

முடிவை எழுதும்போது ‘வெப்பம் ஒட்டும் ஆற்றலைக் குறைக்கும்’ என்று பொதுப்பட எழுத அனுமதிக்காதீர்கள். எந்த மேற்பரப்பில், எந்த வெப்பநிலையில் ஒட்டி, எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில் இழுத்தபோது, எங்கே பிரிந்தது என்பது அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். வாக்கியம் நீளும், நீளட்டும். இழுத்து முடிந்த டைல் துண்டுகளைக் கழுவ விடாமல், ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வெப்பநிலையை எழுதி, அறிக்கையோடு சேர்த்து மேசையில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். நடுவர்கள் வரைபைப் பார்க்குமுன் அவற்றைத்தான் கையில் எடுப்பார்கள்.